‘ஸ்மார்ட் டெஸ்டினேஷன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

> ஸ்மார்ட் சிட்டிக்கு அரசே ‘சீர்மிகு நகரம்’ என்று சொல்லிவிட்டது. அதை ஒட்டி ‘சீர்மிகு சுற்றுலாத் தலம்’ என்று வைத்துவிடலாமே?

வணக்கம்.

ஓசை பொருந்துகிறது, பொருள்தான் இடிக்கிறது. சீர்மிகு என்றதும் புது நடைபாதையும் குளக்கரை விளக்கும்தான் கண்ணில் வருகின்றன. ‘ஸ்மார்ட் டெஸ்டினேஷன்’ என்ற பேச்சு வேறு. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், இன்னும் எத்தனை பேரை விடலாம் என்று ஊரே கணக்குப் பார்த்து நடந்துகொள்வது.

வெனிஸை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவும் கைபேசிச் சமிக்ஞையும் வைத்து, உள்ளே இருப்பவர்களில் ஊர்க்காரர் எத்தனை, வெளியார் எத்தனை என்று ஒரு கட்டுப்பாட்டு அறையில் எண்ணுகிறார்கள். 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில் பகலில் வந்துபோகிறவர் கட்டணம் (தொடக்கத்தில் 5 யூரோ) கட்டி க்யூஆர் குறியீடு வாங்க வேண்டும். நம்மூரில் ஊட்டி, கொடைக்கானலுக்கு வண்டியில் போகிறவர்கள் இணையத்தில் எடுக்கும் இ-பாஸும் இதே இனம்தான். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல் தொடங்கியது. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது.

‘திறன் தலம்’? ஸ்மார்ட்போனுக்குத் ‘திறன்பேசி’ நிலைத்துவிட்டது, சரி. ஆனால் சுற்றுலாத் துறையில் ‘தாங்குதிறன்’, அதாவது ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்பது, ஏற்கெனவே முக்கியமான சொல். இ-பாஸ் வழக்கே அதைச் சுற்றித்தான் ஓடியது. ‘திறன் தலத்தின் தாங்குதிறன்’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். ஸ்பானியர்கள் ‘இன்டெலிஹென்டே’ (அறிவுள்ள) என்கிறார்கள். அந்த வழியில் ‘நுண்ணறிவுத் தலம்’ என்றால் செயற்கை நுண்ணறிவு என்றுதான் படிப்பார்கள். இ-பாஸுக்கு அதெல்லாம் வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

என் பரிந்துரை: சூட்டிகைத் தலம். சூட்டிகையான பிள்ளை, விருந்தாளி நாலு பேர் கூட வந்தால் சொல்லாமலே எதிர்வீட்டில் நாற்காலி வாங்கிவந்து போடும். பார்ப்பது, கணிப்பது, உடனே செய்வது மூன்றும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன.

---

> என் பரிந்துரை: சூட்டிகைத் தலம்.

ஐயா, எனக்குப் பாதி சம்மதம். சூட்டிகை பாராட்டுச் சொல். பாஸ் எடுக்காமல் ஊட்டி மலையடிவாரத்துக் கல்லாறு சோதனைச்சாவடி வரை வந்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, பின்சீட்டில் குழந்தை அழ, போனில் ஓடிபி வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பாரா? நினைத்தவுடன் கிளம்பும் பயணமே இதனால் குறைகிறது. கூட்டம் குறைந்து நிம்மதியாகப் பார்க்கிறோம் என்பதும் உண்மைதான்.

ஆகவே திட்டத்தின் பெயராக உங்கள் சொல் இருக்கட்டும். பயணிக்கு நித்தம் தேவைப்படும் சொல் வேறு: ‘டைம் ஸ்லாட்’. லூவ்ர் அருங்காட்சியகச் சீட்டில் நேரம் குறித்திருக்கிறது. திருமலையில் டோக்கனில் வருகிறது. ‘நேர ஒதுக்கீட்டு நுழைவு’ என்பது அரசாணைத் தமிழ், சீட்டில் அச்சடிக்க இடம் போதாது. ‘நுழைவேளை’ என்று வைப்போமா? “உங்கள் நுழைவேளை காலை 10.30.” ஊட்டிக்குத் தேதி மட்டும்தானே என்பீர்கள், அங்கே ‘நுழைநாள்’.

அப்புறம், தாஜ்மகால் சீட்டு 3 மணி நேரத்துக்குத்தான் செல்லும். அந்தக் கெடுவுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘தங்குவேளை’ என்றால் ராத்தங்கல் போலத் தோன்றுகிறது. யாராவது முயலுங்கள்.