ஃபோர்வீல் போட்டாலும் முன் சக்கரம் இழுக்கல, காரணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பூப்பாறை ஏலத்தோட்டம்

வணக்கம். சாந்தன்பாறைக்கு மேல கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கு. கடைசி ரெண்டு கிலோமீட்டர் ரோடு கிடையாது, கல்லும் வேருமா ஒரு தடம்தான். அதுக்காக நாலு மாசத்துக்கு முன்னாடி போடியில ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கினேன். முன்னாடியும் பின்னாடியும் பட்டை ஸ்பிரிங், முன் சக்கரத்துல கையால திருப்புற லாக் ஹப் (லாக்ல வச்சா சக்கரத்தை ஆக்சிலோட பூட்டும், ஃப்ரீயில வச்சா விட்ரும்). இன்ஜின் அருமையா இருக்கு.

ஐப்பசி மழை பிடிச்சதுல இருந்து தொல்லை. போன வாரம் உர மூட்டை எட்டு ஏத்திட்டுப் போனேன். வழுக்குப்பாறை ஏத்தத்துல இறங்கி ரெண்டு ஹப்பையும் லாக் பண்ணி, ஃபோர்வீல் லோ (நாலு சக்கரத்துக்கும் மெதுவான, பலமான இழுவை) போட்டேன். பின் சக்கரம் சேத்தை வாரி அடிக்குது, முன் சக்கரம் ரெண்டும் அசையாம நிக்குது. ஆக்சிலேட்டர் குடுத்தா முன் வலது பக்கம் கடகடன்னு பல்லு நழுவுற சத்தம். அப்படியே பின்னாடி சறுக்கி ஏலச்செடிக்குள்ள உக்காந்துருச்சு. மூட்டையெல்லாம் தலைச்சுமையாத்தான் மேல போச்சு.

இன்னொன்னும் இருக்கு. கீழே வந்து தார் ரோட்டுல திருப்பும்போது ஸ்டியரிங் ரொம்பக் கனம். ஃபோர்வீல் லிவரை எடுக்கப் பாத்தா வரவே மாட்டேங்குது.

ஒர்க்‌ஷாப்பில காட்டினேன். டிரான்ஸ்ஃபர் பெட்டி (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சுக் குடுக்குற பெட்டி) போயிருச்சு, மொத்தமா இறக்கணும்னாங்க. தை மாசம் நண்பர்களோட நாலு நாள் மலைத்தடம் சுத்தலாம்னு வின்ச் (மாட்டின வண்டியை கயிறு சுத்தி இழுக்குற மோட்டார்), லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்துற சாமான்), பெரிய டயருக்குன்னு கொஞ்சம் பணம் சேத்து வச்சிருக்கேன். அது பெட்டிக்கே போயிருமோன்னு கவலையா இருக்கு.

சூரியநெல்லி ஜீப்

தம்பி, பெட்டியில கை வைக்க வேண்டாம். முதல்ல ஹப்பைப் பாருங்க. கொழுக்குமலைக்கு வருசக்கணக்கா வண்டி ஏத்துறேன். நீங்க சொல்ற சத்தம் எனக்கு நல்லாத் தெரியும், அது ஹப் பல்லு நழுவுறது.

வலது பக்கம்தானே சத்தம், இடது ஏன் இழுக்கலன்னு கேப்பீங்க. முன் கிரவுன், அதாவது முன் ஆக்சில் நடுவுல இருக்குற பல்லுப் பெட்டி, சாதாரண டிஃபரென்ஷியல். எந்தப் பக்கம் லேசா ஓடுதோ அந்தப் பக்கமே சுத்த விடும். வலது ஹப் பிடிக்கலன்னா வலது ஆக்சில் உள்ள வெறுமனே ஓடும், இடது சக்கரத்துக்கு இழுவை போகாது. ஒரு ஹப் போனா முன்பக்கம் மொத்தமும் போச்சு.

வீட்டுலயே பாத்துக்கலாம். சமதளத்துல நிறுத்தி, பின் சக்கரம் ரெண்டுக்கும் முன்னாடியும் பின்னாடியும் கல்லுக் குடுங்க. முன் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டுல உக்கார வைங்க, வெறும் ஜாக்கியை நம்பிக் கீழ போகாதீங்க. இன்ஜினை நிறுத்தி, ஃபோர்வீல் போட்டு, கியர்ல விட்ருங்க. வலது சக்கரத்தை ஃப்ரீயில வச்சு கையால சுத்துங்க, பிறகு லாக்ல வச்சு சுத்துங்க. லாக்ல கை கனக்கணும், உள்ள ஆக்சில் சேந்து வர்றது தெரியணும். ரெண்டுலயும் ஒரே மாதிரி லேசா ஓடினா அந்த ஹப் பிடிக்கலன்னு அர்த்தம். இடதுலயும் இதே மாதிரி பாருங்க. கடைசியா ரெண்டையும் லாக்ல வச்சு ஒன்னைச் சுத்தினா மத்தது எதிர்ப்பக்கமா சுத்தணும். அப்படிச் சுத்துச்சுன்னா ஹப் சரி, அப்ப பெட்டியைப் பத்திப் பேசலாம்.

ஹப் டயலைத் திருப்பின உடனே பல்லு விழுந்துருச்சுன்னும் நினைக்காதீங்க. வண்டியை ஒரு முழம் முன்னாடி பின்னாடி அசைச்சாத்தான் உள்ள விழும்.

கம்பம் டீசல் மெக்கானிக்

அண்ணன் சொன்ன சோதனை சரி. ஸ்டியரிங் கனக்குறதும் லிவர் வராததும் வேற கதை. நாலு டயரும் ஒரே சைஸா? சாக்பீஸால டயர்லயும் தரையிலயும் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுத்து தள்ளி, எவ்வளவு தூரம் போச்சுன்னு டேப் வச்சு அளந்து சொல்லுங்க. முன்னாடி ஒன்னு, பின்னாடி ஒன்னு.

பூப்பாறை ஏலத்தோட்டம்

அளந்தேன். முன்னாடி 219 செ.மீ., பின்னாடி 228. வாங்கின கையோட பின்னாடி மட்டும் ஒரு சைஸ் பெரிசா புது டயர் போட்டேன். முன்னாடி பழசுதான், பட்டன் பாதிக்கு மேல தேஞ்சிருக்கு.

ஜாக்கி சோதனையும் பாத்துட்டேன். இடது லாக்ல நல்லாக் கனக்குது. வலது ரெண்டுலயும் காத்தாடி மாதிரி ஓடுது!

கம்பம் டீசல் மெக்கானிக்

அப்ப ஹப் முடிவாச்சு. டயர் கணக்கையும் பாருங்க. ஒரு கிலோமீட்டருக்குப் பின் சக்கரம் சுமார் 439 சுத்து, முன் சக்கரம் 457. இந்த ஜீப்ல முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல டிஃபரென்ஷியல் கிடையாது. ஃபோர்வீல் போட்டா, பெட்டியில இருந்து முன்னுக்கும் பின்னுக்கும் போற ஜாயின்ட் ஷாஃப்ட் ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்தும். 18 சுத்து வித்தியாசம் எங்கயாவது தீரணும். சேத்துல டயர் வழுக்கித் தீந்துரும். தார்ல வழுக்க இடமில்லாததால ஜாயின்ட், கிரவுன், ஹப் எல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்கும். வலது ஹப் பல்லு அரைகுறையா பிடிக்கிறப்ப சேர்ற அந்த முறுக்குதான் உங்க லிவரைப் பிடிச்சு வச்சிருக்கு.

இனி அப்படி மாட்டினா லிவர்ல பலம் காட்டாதீங்க. நேரா ரிவர்ஸ்ல நாலஞ்சு அடி வந்தா முறுக்கு விடும், லிவர் விரல்ல வரும். நாலு டயரும் ஒரே சைஸ், ஒரே தேய்மானமா போடுங்க. எவ்வளவு நல்ல டயர்னாலும் காஞ்ச தார்ல ஃபோர்வீல் வேண்டாம், வளைவுல முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடாது.

போடிமெட்டு 17 வளைவு

வின்ச் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். லோடோட சேந்த எடையை மாதிரி ஒன்றரை மடங்கு இழுக்குற வின்ச் வேணும். ரெண்டு டன் வண்டின்னா மூணு டன்னாவது. அந்த அளவும் டிரம்ல கயிறு அடி அடுக்கு மட்டும் இருக்கும்போது உள்ளதுதான், கயிறு அடுக்கடுக்கா ஏறியிருந்தா குறையும். முழு இழுவையில 300 ஆம்பியருக்கு மேல கேக்கும். உங்க பழைய பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் தாங்காது.

இந்த வருசம் ஒரு நல்ல இழுவைப் பட்டை, பட்டையை மாட்ட எடை அளவு அச்சடிச்ச ரெண்டு ஷேக்கிள் (இரும்பு வளையம்), சேசிஸ்ல போல்ட் போட்ட கொக்கி, மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில வைக்க கனமான பலகை, காத்து அளவுமானி, பேட்டரியில ஓடுற கம்ப்ரஸர் வாங்குங்க. கல்லுத் தடத்துல காத்தை 20 பவுண்டு வாக்குல இறக்கிப் பாருங்க, வண்டி வேற வண்டியா இருக்கும். அதுக்குக் கீழ இறக்கினா கூர்க்கல்லு பக்கவாட்டைக் கிழிச்சுரும். தாருக்கு வந்ததும் மறுபடி ஏத்திருங்க. பட்டை கட்டி இழுக்கும்போது, அறுந்தா துள்ளி அடிக்காம இருக்க நடுவுல ஈரச்சாக்கு போடுங்க, ஆளுகளைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க.

லிஃப்ட் கிட், பெரிய டயர் எண்ணம் இருந்தா, மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவைப் படிச்சுருங்க. தயாரிப்பாளர் குடுத்த அளவை மாத்தினா கேரளா பக்கம் நிறுத்திக் கேப்பாங்க. முன்னாடி இரும்பு பம்பர் கார்டு வைக்கிறதுக்கும் 2017 டிசம்பர்லயே மத்திய அரசு தடை சொல்லிருச்சு.

பூப்பாறை ஏலத்தோட்டம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சூரியநெல்லி அண்ணன் போன்ல சொல்லச் சொல்ல வலது ஹப்பை நானே பிரிச்சேன். மூடியைத் திறந்ததும் டீத்தண்ணி நிறத்துல துருத்தண்ணி வழிஞ்சுது. முன்னாடி வச்சிருந்தவரு உள்ள முழுசா கிரீஸை அடைச்சு வச்சிருக்காரு. அது காஞ்சு மெழுகாட்டம் இறுகி, ஸ்பிரிங்கு பாதிதான் தள்ளுது. பல்லு முனையெல்லாம் உருண்டு பளபளன்னு இருக்கு. இடது ஹப் பல்லு இன்னும் சதுரமா இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தப்பதான் எனக்கே விசயம் விளங்குச்சு.

புது ஹப் ஒரு ஜோடி போட்டாச்சு. முன்னாடியும் பின்சைஸ் டயர் வேண்டாம்னு, நாலையும் கம்பெனி அளவுக்கே மாத்திட்டேன். இன்னைக்குக் காலையில அதே வழுக்குப்பாறை, ஆறு மூட்டை. முதல் கியர்ல லோ போட்டு ஆக்சிலேட்டரைத் தொடாம விட்டேன். முன் சக்கரம் கல்லைப் பிடிச்சு ஏறினதை கதவு வழியா எட்டிப் பாத்துக்கிட்டே போனேன். பெட்டியில ஒரு கோளாறும் இல்லை.

ஒரு சந்தேகம். முன் கிரவுன் ஆயில் லெவல் பாக்க போல்ட்டைத் திறந்தா, மோர் மாதிரி வெள்ளையா வருது.

சூரியநெல்லி ஜீப்

ரொம்ப சந்தோசம் தம்பி. அது தண்ணி கலந்த ஆயில். ஓடி சூடான ஆக்சில் ஓடைக்குள்ள இறங்கினா சட்டுன்னு குளிரும், உள்ள இருக்குற காத்து சுருங்கித் தண்ணியை இழுக்கும். ஹவுசிங் மேல சின்னதா ஒரு பிரீதர் (காத்து வந்து போற துளை) இருக்கும், உங்களது மண்ணு அடைச்சிருக்கும். கழுவி, அதுல ஒரு ரப்பர் குழாய் மாட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய் கட்டிருங்க. ஆயிலைச் சுத்தமா வடிச்சு 90 நம்பர் புதுசா ஊத்துங்க, ரெண்டு நாள் ஓட்டி மறுபடி பாருங்க. மறுபடியும் வெளுத்தா ஆக்சில் சீல் மாத்தணும். பின் கிரவுனையும் திறந்து பாத்துருங்க, அதே ஓடையிலதான் அதுவும் இறங்குது.

புது ஹப்புக்கு கிரீஸ் விரல்ல தடவின அளவு போதும், இங்க விடியக்காலைக் குளிருக்கு அதிகமா வச்சா இறுகிரும். மூடி போல்ட் ஆறையும் நாளைக்கு ஒரு தடவை இறுக்கிப் பாருங்க. அப்பவே சக்கரத்தைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. டொக்குன்னா பேரிங் லூசு, அப்படியே ஓட்டினா இந்தப் புதுப் பல்லும் உருண்டுரும்.