சான் கார்லோஸ் ஆட்டம்: குண்டு வெடிப்பதைப் பகடையிடம் விடலாமா?

கடல்நாரை:
சென்ற ஞாயிற்றுக்கிழமை, 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்துப் போரை மேசை விளையாட்டாக ஆடினோம். மே 21, பிரிட்டிஷ் படை அந்தத் தீவுகளின் சான் கார்லோஸில் கரையிறங்கிய நாள். நான் அர்ஜென்டினா, என்னிடம் ஆறு ஸ்கைஹாக், நான்கு டாகர் போர் விமானங்கள். எங்கள் விதிப்படி, குண்டு கப்பலில் பட்டதும் ஒரு பகடை உருட்ட வேண்டும். 1, 2, 3 விழுந்தால் வெடிக்காது. என் குண்டுகளில் ஐந்து பட்டன, நான்கு வெடிக்கவில்லை. தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. விதிதான் தவறு. குண்டு விழும்போது அதன் ஃப்யூஸ் (வெடிக்க வைக்கும் பொறி) ஆயத்தமாகச் சற்று நேரம் வேண்டும். ராடாரில் சிக்காமலும் ஏவுகணைக்குத் தப்பவும் விமானிகள் அலையை உரசிக்கொண்டு வந்ததால் அந்த நேரம் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களான ஆர்கனாட்டில் இரண்டு, ஆன்ட்ரிமில் ஒன்று எனக் குண்டுகள் அன்றே வெடிக்காமல் கிடந்தன. எனவே பகடையை எடுத்துவிடுங்கள். ஆட்டக்காரர் தாக்கும் உயரத்தை முன்கூட்டியே சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்கட்டும். தாழ வந்தால் உயிர் தப்பும், குண்டு வெடிக்காது. மேலே ஏறினால் குண்டு வெடிக்கும், ஏவுகணையும் தேடி வரும்.

அறுமுகப்பகடை:
அந்த விதியை எழுதியவன் நான்தான். கவென்ட்ரி கப்பலை மறந்துவிட்டீர்களே! மே 25 அன்று ஸ்கைஹாக்குகள் கடலை ஒட்டித் தாழத்தான் வந்தன. மூன்று குண்டுகள் பட்டன, இரண்டு வெடித்தன, கப்பல் கவிழ்ந்தது. 19 பேர் இறந்தார்கள். உங்கள் சீட்டு விதியில் கவென்ட்ரி மூழ்கவே முடியாது. நடந்ததை நடக்க முடியாததாக்கும் விதி எனக்கு வேண்டாம். இன்னொன்று: உயரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நாம் எல்லோரும் ஏறித்தான் வருவோம், ஏனென்றால் நாம் வரலாற்றைப் படித்தவர்கள். அன்றைய விமானிக்குத் தன் குண்டு வெடித்ததா என்று திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை. அந்த அறியாமையை மேசைக்குக் கொண்டுவரப் பகடையை விட்டால் வேறு வழி எது?

தென்திசை:
இருவரும் உயரத்தையே பேசுகிறீர்கள். எந்தக் குண்டு என்று யாரும் கேட்கவில்லை. மே 21 அன்று ஆர்டென்ட் கப்பலைத் தாக்கியவற்றில் அர்ஜென்டினக் கடற்படையின் ஸ்கைஹாக்குகளும் இருந்தன. அவை கொண்டுவந்தவை 500 பவுண்டு ஸ்னேக்ஐ குண்டுகள். விழும்போது வால் தகடுகள் விரிந்து குண்டின் வேகத்தைக் குறைக்கும்; விமானம் முந்திச் சென்றுவிடும், ஃப்யூஸுக்கும் நேரம் கிடைக்கும். ஆர்டென்ட் பிழைக்கவில்லை, 22 பேர் போனார்கள். எனவே பகடை எண்களின் பட்டியலில் குண்டின் வகையும் வர வேண்டும். வால் தகடுள்ளது என்றால் தாழ்வான தாக்குதலிலும் 2 முதல் 6 வரை வெடிக்கட்டும். சாதாரண 1000 பவுண்டு என்றால் 5, 6 மட்டும்.

நங்கூரம்:
நான் எப்போதும் பிரிட்டிஷ் கப்பல்களை நகர்த்துபவன். என் மனக்குறை வேறு. குண்டு வெடிக்கவில்லை என்றதும் அதன் குறிக்கட்டையை மேசையிலிருந்து எடுத்துவிடுகிறீர்கள். உண்மையில் அந்தக் குண்டு கப்பலுக்குள்ளேயே கிடக்கிறது! ஆர்கனாட்டின் கொதிகலன் அறையில் ஒன்று, ஏவுகணைக் கிடங்கில் ஒன்று. கப்பல் ஓடும் திறனை இழந்து நின்றது. மே 23 அன்று ஆன்டெலோப்பில் இரண்டு குண்டுகள் வெடிக்காமல் தங்கின. ஒன்றைச் செயலிழக்கச் செய்யும்போது அது வெடித்து, அந்தப் பணியில் இருந்த ராணுவ நிபுணர் ஒருவர் இறந்தார்; மறுநாள் கப்பல் முறிந்து மூழ்கியது. நாம் ஆடுவது நேற்றைய போர். குண்டு வெடிக்கிறதா என்று பகடையை உருட்டும்போது எங்கள் மேசையில் யாரும் ஆரவாரம் செய்வதில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடல்நாரை:
நங்கூரம் ஐயா, இதை நான் யோசித்திருக்கவே இல்லை. இனிக் குறிக்கட்டை கப்பல் அட்டை மேலேயே இருக்கட்டும். அது இருக்கும் வரை வேகம் பாதி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது வெடிக்கிறதா என்று ஓர் உருட்டு. தென்திசையின் பட்டியலையும் ஏற்கிறேன். ஆனால் சீட்டை விட மாட்டேன். கிளாஸ்கோ, பிரில்லியன்ட் கப்பல்கள் இரண்டையும் மே 12 அன்று தாக்க வந்த முதல் நான்கு ஸ்கைஹாக்குகளில் ஒன்றுதான் திரும்பியது. அப்படிப்பட்ட வானத்தில் எவ்வளவு தாழப் பறப்பது என்பதுதான் அந்த விமானியின் முழுப் போர். அதை ஆட்டக்காரர் கையிலிருந்து பிடுங்கிவிட்டால் நான் எதற்காக விமானத்தை நகர்த்துகிறேன்?

அறுமுகப்பகடை:
சீட்டு இருக்கட்டும், பகடையும் இருக்கட்டும். உயரத்துக்கேற்பப் பகடை எண்ணைக் கூட்டுவோம் அல்லது குறைப்போம். ஆனால் ஏறி வருபவரைக் கப்பலின் ஸீ டார்ட் ஏவுகணை இரண்டு முறை சுடும், இதில் பேரமில்லை. டாகருக்கு வானில் எரிபொருள் நிரப்பும் வசதி இல்லாததால் ஒரே பாய்ச்சல், பிறகு வீடு. நீங்கள் ஏறித்தான் வருவீர்கள் என்று இப்போதும் சொல்கிறேன்.

கடல்நாரை:
ஞாயிற்றுக்கிழமை சீட்டைத் திருப்பிப் பாருங்கள்.