இரண்டு ஏபிஆருக்கு நடுவில் உள்ள லிங்க்: ஏரியா 0-விலா, ஏரியா 1-லா?

கேள்வி:
ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தமக்குள் வழி கண்டுபிடிக்கும் நெறிமுறை; நெட்வொர்க்கை ஏரியாக்களாகப் பிரிக்கும், ஏரியா 0 முதுகெலும்பு). ஏரியா 0-வில் இரண்டு கோர் ரூட்டர்கள், அவற்றுக்குக் கீழே ஏரியா 0-வையும் 1-ஐயும் இணைக்கும் எல்லை ரூட்டர்கள் (ஏபிஆர்) ஏபிஆர்1, ஏபிஆர்2. ஏரியா 1-ல் 12 ஆக்சஸ் ரூட்டர்கள்; ஒவ்வொன்றும் இரண்டு ஏபிஆருக்கும் தலா ஒரு 1ஜி லிங்க். ஏபிஆர்களுக்கு நடுவே உள்ள 10ஜி இப்போது ஏரியா 0-வில். இரண்டும் ஏரியா 1-ன் முகவரிகளைச் சுருக்கி, 10.1.0.0/16 என்று ஒரே சம்மரியாக ஏரியா 0-வுக்கு அனுப்புகின்றன. ஆர்5–ஏபிஆர்1 லிங்கை அணைத்தால், ஏபிஆர்1-க்கு வரும் ஆர்5-க்கான டிராஃபிக் 10ஜி-யை விட்டுவிட்டு, ஆர்6 என்ற இன்னொரு ஆக்சஸ் ரூட்டர் வழியாகச் சுற்றி ஏபிஆர்2-க்குப் போகிறது. 10ஜி-யின் காஸ்ட்டை (வழியின் விலை; குறைந்தது முந்தும்) 1 ஆக்கியும் மாறவில்லை. ஏன்?

பதில் 1:
காஸ்ட்டால் மாறாது. இன்ட்ரா-ஏரியா (ஒரே ஏரியாவுக்குள் போகும்) வழி ஒன்று இருக்கும்வரை, இன்டர்-ஏரியா (வேறு ஏரியா வழியாகப் போகும்) வழி எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுபடாது. ஏபிஆர்1–ஆர்6–ஏபிஆர்2–ஆர்5 முழுக்க ஏரியா 1-க்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. ஏபிஆர்1-ன் ஆக்சஸ் லிங்க் எல்லாம் விழுந்து, அதன் லூப்பேக் (ரூட்டருக்குள்ளேயே உள்ள மெய்நிகர் இன்டர்ஃபேஸ்) மட்டும் 10.1-க்குள் ஏரியா 1-ல் உயிரோடு இருந்தால் சம்மரி போய்க்கொண்டே இருக்கும். கோர் பாதி டிராஃபிக்கை அங்கே தள்ளும். சம்மரியோடு வரும் நல்0 ரூட் (பாக்கெட்டைத் தூக்கி எறியும் ரூட்) அதை விழுங்கிவிடும்.

பதில் 2:
அதற்காக லிங்க்கை ஏரியா 1-க்கு மாற்றிவிடாதீர்கள். ஏபிஆர்1-ன் கோர் லிங்க் இரண்டும் போனால் ஏரியா 0 உடைந்துவிடும். ஏரியா 1 வழியாக வரும் டைப் 3-ஐ (ஒரு ஏரியாவின் ரூட்டை இன்னொன்றுக்குச் சொல்லும் ஏபிஆர் அறிவிப்பு) ஏபிஆர்2 கணக்கில் எடுக்காது. ஏரியா 0-வில் உள்ள ஏபிஆர்1 லூப்பேக்கைக் கோர் அடைய முடியாது.

லிங்க் இரண்டு ஏரியாவிலும் இருக்க வேண்டும். எளிய வழி: 10ஜி-யில் இரண்டு விலான் சப்-இன்டர்ஃபேஸ், தனித்தனி /31, ஒன்று ஏரியா 0, ஒன்று ஏரியா 1, இரண்டும் பாயிண்ட்-டு-பாயிண்ட். விலான் வேண்டாமென்றால் ஆர்எஃப்சி 5185-ன் மல்டி-ஏரியா அட்ஜசென்சி (ஒரே லிங்க்கை இரண்டு ஏரியாவிலும் பயன்படுத்தும் முறை). அதில் லிங்க்கின் சப்நெட் முதன்மை ஏரியாவில் மட்டுமே தெரியும், பயந்துவிட வேண்டாம்.

ரெஃபரன்ஸ் பேண்ட்வித் (இதை லிங்க் வேகத்தால் வகுத்தால் காஸ்ட்) 100 எம்பிபிஎஸ் என்றே விட்டிருந்தால் 1ஜி-க்கும் 10ஜி-க்கும் காஸ்ட் 1. எல்லா ரூட்டரிலும் 1,00,000 என்று வையுங்கள்: 10ஜி 10, 1ஜி 100. அப்போது ஆர்5-க்கு 10ஜி வழி 110, ஆர்6 வழி 300.

பதில் 3:
16 ரூட்டருக்கு ஏரியாவே எதற்கு? எல்லாவற்றையும் ஏரியா 0-வில் போட்டு சம்மரியை எடுத்தால் இந்தத் தலைவலி எதுவுமில்லை.

கேள்வி கேட்டவர்:
ஆக்சஸ் பெட்டிகளின் ரூட் டேபிள் சிறியது.

பதில் 2:
அப்படியானால் ஏரியா 1-ஐ டோட்டலி ஸ்டப் ஆக்குங்கள், வெளி ரூட்டுகளுக்குப் பதில் ஒரே டிஃபால்ட் ரூட் மட்டும் போகும். ஆனால் ஸ்டப் ஏரியா வழியாக விர்ச்சுவல் லிங்க் (உடைந்த ஏரியா 0-வை இன்னொரு ஏரியா வழியாக ஒட்டும் இணைப்பு) போடமுடியாது. ஏரியா 0 சப்-இன்டர்ஃபேஸ் அதனாலேயே கட்டாயம். ஆக்சஸ் ரூட்டர்களில் மேக்ஸ்-மெட்ரிக்கும் (தன் லிங்க்குகளுக்கு உச்ச காஸ்ட் அறிவிப்பது) போட்டால், வேறு வழி இருக்கும்வரை அவை மற்றவர் டிராஃபிக்குக்கு டிரான்சிட் ஆகாது.

மாற்றியதும் ஆர்5–ஏபிஆர்1-ஐ அணைத்து, ஏபிஆர்1-லிருந்து ஆர்5-க்கு டிரேஸ்ரூட் பாருங்கள். முதல் ஹாப் ஏபிஆர்2 ஆக வேண்டும். பிறகு ஏபிஆர்1-ன் கோர் லிங்க் இரண்டையும் அணைத்து, கோரிலிருந்து அதன் லூப்பேக்குக்குப் பிங் செய்யுங்கள், பதில் வர வேண்டும்.