சர்வர் மாற்றிய இரவுகள்: உங்களுக்கு என்ன நடந்தது?

திருச்சியிலிருந்து

போன வருடக் கடைசியில் எங்கள் இணையக் குழுவைப் புது சர்வருக்கு மாற்றினோம். உழவு, கிணறு, மாடு, மழை பற்றிய வட்டாரச் சொற்களைச் சேர்த்து வைக்கிற குழு இது. நடத்துகிறவர்கள் நான்கு பேர், நான்கு ஊர். எல்லோருக்கும் பகலில் வேறு வேலை இருக்கிறது. சர்வர் வேலை என்றால் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான்.

பழைய சர்வரில் இருந்த இயங்குதளம் சென்ட்ஓஎஸ் 7. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது. அதன்மேல் ஓடிய நிரல்மொழி பிஎச்பி 5.6-க்கு 2018 முடிவிலேயே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்துவது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம். இனியும் தள்ளிப்போட்டால் யாராவது உள்ளே புகுந்து எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள் என்ற பயம் வந்த பிறகுதான் உட்கார்ந்தோம்.

ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு, யாரும் புதிதாக எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, தரவுத்தளத்தை நகலெடுத்துப் புது இடத்தில் ஏற்றினோம். ஒரு மணிக்குப் பக்கம் திறந்தது. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. வரிக்கு வரி, தலையில் சாய்ந்த கோடு போட்ட சின்ன ஆங்கில ‘ஏ’, அதை அடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட குறி. இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வந்தால் பயப்படாதீர்கள், அங்கே இருப்பது தமிழ்தான். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. அவற்றைத் தனித்தனி மேற்கத்திய எழுத்துகளாகப் படித்தால் இப்படித்தான் தெரியும்.

எங்கள் பழைய மென்பொருள், தரவுத்தளத்தை நடத்தும் மைஎஸ்க்யூஎல்லிடம் "நான் லத்தீன்-1 (மேற்கத்திய எழுத்துகளுக்கான முறை) அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு யூடிஎஃப்-8 பைட்டுகளை அனுப்பியிருக்கிறது. எடுக்கும்போதும் அதே பொய்யைச் சொல்லி எடுத்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே பொய் என்பதால் இத்தனை வருடமும் திரையில் தமிழ் சரியாகத் தெரிந்தது. புது மைஎஸ்க்யூஎல் 8 எடுத்த எடுப்பிலேயே யூடிஎஃப்8எம்பி4, அதாவது அதன் முழு யூடிஎஃப்-8, என்று எடுத்துக்கொள்ளும். பொய் அங்கே உடைந்தது.

நண்பர் ஒருவர் அந்த இரவே ஒரு நிரல் எழுதி, ஏறிய எழுத்துகளைத் திருப்பி மாற்றினார். விடியற்காலை நான்கு மணிக்குத் தமிழ் வந்தது. பதிவுகளின் எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிட்டோம், ஒன்றுகூடக் குறையவில்லை. சரி, முடிந்தது என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டுத் தூங்கப் போனோம்.

பதினொரு நாள் கழித்து ஒரு உறுப்பினர் எழுதினார்: "கமலை பற்றி ஐயா எழுதியதில் கடைசிப் பகுதியைக் காணோமே?"

ஐயா என்று நாங்கள் எல்லோரும் கூப்பிட்டது ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியரை. 2021-இல் காலமானார். கமலை, கவலை, கபிலை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் அந்த நீர் இறைப்பைப் பற்றி, சால், தோல் வால், வடம், உருளை என்று ஒவ்வொரு பாகமாக, எந்த ஊரில் என்ன பெயர் என்று எழுதி வைத்திருந்தார். எதை எழுதினாலும் "மழை பெய்யட்டும்" என்று சொல்லித்தான் முடிப்பார். அந்த வரி இல்லை என்பதால்தான் உறுப்பினருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. போய்ப் பார்த்தால், வாக்கியத்தின் நடுவிலேயே நின்றிருந்தது.

காரணம் புரிய ஒரு முழு நாள் ஆனது. மூன்று பைட்டில் இருந்த ஒரு தமிழ்க் குறி, தவறாக ஏறியபோது ஆறு ஏழு பைட்டாக வீங்கிவிட்டது. பதிவு இருக்கும் கட்டத்தின் கொள்ளளவு 65,535 பைட். வீங்கிய பதிவு அதைத் தாண்டியதும் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. பழைய மென்பொருளுக்காக, தரவு கொள்ளாதபோது பிழை சொல்லி நிறுத்தும் கண்டிப்பு முறையை நாங்களே அணைத்து வைத்திருந்தோம், அதனால் பிழை என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு எழுத்தைச் சரிசெய்தபோது, வெட்டுப்பட்டு மிஞ்சியது மட்டும்தான் சரியானது. ஏறக்குறைய பத்தாயிரம் குறிகளைத் தாண்டிய பதிவு ஒவ்வொன்றுக்கும் வால் போயிருந்தது. எங்கள் குழுவில் அவ்வளவு நீளமாக எழுதியவர்கள் பெரியவர்கள்தான். ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தெரிந்தவர்கள்.

பழைய சர்வரின் சந்தா முடிய அப்போது மூன்று நாள் மிச்சம். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

இரண்டாம் முறை சரியாகச் செய்தோம். லத்தீன்-1 என்று சொல்லியே நகலெடுத்தோம், அப்போது பைட்டுகள் மாறாமல் வெளியே வரும். நகல் கோப்பில் எழுத்துமுறை அறிவிப்பை மட்டும் யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி ஏற்றினோம், இந்த முறை கண்டிப்பு முறையை இயக்கிவிட்டு. இடையில் பதினான்கு நாட்களில் எழுதப்பட்டவற்றைத் தனியே எடுத்து மேலே சேர்த்தோம். அப்புறம் மிக நீளமான ஐம்பது பதிவுகளை இரண்டு பக்கமும் திறந்து, கடைசி வரியை ஒப்பிட்டோம். எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதை நம்பி யாரும் தூங்கப் போகாதீர்கள். கடைசி வரியைப் பாருங்கள்.

தமிழுக்குப் பதில் கேள்விக்குறியாகத் தெரிந்தால் அது வேறு கதை. உண்மையான தமிழை லத்தீன்-1-க்கு மாற்றினால், இடம் இல்லாத எழுத்துகளுக்கு மைஎஸ்க்யூஎல் கேள்விக்குறி போட்டுவிடும். அதிலிருந்து மீட்க வழியே கிடையாது. அந்த நிமிடமே நிறுத்திவிட்டுப் பழைய நகலுக்குப் போங்கள்.

இன்னும் சொல்ல இருக்கிறது, முதலில் மற்றவர்கள் சொல்லுங்கள்.


சேலத்திலிருந்து

எங்களுக்கு எழுத்தில் சிக்கல் வரவில்லை, முகவரியில் வந்தது.

காது கேளாத குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்துகிற குழு எங்களுடையது. ஆரம்பித்த அண்ணன்தான் டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, தன் பெயரில், தன் மின்னஞ்சலில், தன் அட்டையில் வாங்கியிருந்தார். மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். அழுதோம், அவர் நினைவாக எழுதினோம். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்கு மாதம் கழித்துப் புது சர்வருக்கு மாற்ற உட்கார்ந்தபோதுதான், முகவரி எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸை மாற்றக் கடவுச்சொல் கேட்டது. காலாவதித் தேதியைப் பார்த்தால் அது முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்கள் எல்லாம் இறந்தவரின் பெட்டிக்குப் போய்க் கிடந்திருக்கின்றன.

டாட் காம் முகவரிக்குக் காலாவதியான அடுத்த நாளே உயிர் போவதில்லை. விற்ற நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அது தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், கட்டணம் கூடுதல். பிறகு 5 நாள், அதில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதன்பின் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அந்த வரிசையில் நாங்கள் முதல் படியில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அண்ணியிடம் எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் தயங்கினேன். போன் செய்தபோது, "அவரோட லேப்டாப்பை நான் இன்னும் திறக்கவே இல்லப்பா" என்றார். ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். காபி கொடுத்தார், பக்கத்தில் உட்கார்ந்தார். கடவுச்சொல் ஒரு சிறிய நோட்டில் அண்ணன் கையெழுத்தில் இருந்தது. பணம் கட்டிவிட்டு, டொமைனை இரண்டு பேர் நுழையக்கூடிய பொதுக் கணக்குக்கு மாற்றினோம். அந்த வேலை இருபது நிமிடம்தான். ஆனால் மின்னஞ்சல் பெட்டியில் அம்மாக்கள் அவருக்கு எழுதிய நன்றிக் கடிதங்கள் வரிசையாக இருந்தன. அண்ணி ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். நான் மாலைவரை அங்கேயே இருந்தேன்.

இன்னொன்று. எங்கள் தனிமடல்களில் குழந்தைகளின் மருத்துவ அறிக்கைகள் இருக்கின்றன. புது இடத்தில் எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று உறுதியான பிறகு, பழைய சர்வரை வெறுமனே ரத்து செய்துவிட்டு வராதீர்கள். தரவுத்தளத்தையும் கோப்புகளையும் நீங்களே அழித்துவிட்டு ரத்து செய்யுங்கள். மாற்றும் வேலையின்போது ஆளுக்கொரு லேப்டாப்பில் இறக்கிவைத்த நகல்களையும் கேட்டு வாங்கி அழியுங்கள். எங்களுக்கு அப்படி ஐந்து நகல்கள் கிடைத்தன, ஒன்று யாரோ ஒருவருடைய பென் டிரைவில்.


சிங்கப்பூரிலிருந்து

சேலம் நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதுதான் பார்த்தேன். நன்றி.

நாங்கள் நடத்துவது மாஸ்டடான் சர்வர். ட்விட்டர் மாதிரியான சமூக வலைத்தளம், ஆனால் தனித்தனி சர்வர்களாக ஓடுவது. 2022 அக்டோபர் கடைசியில் ட்விட்டர் கைமாறியதும் நவம்பரில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். சின்ன சர்வர் மூச்சுத் திணறியது, இரண்டு வாரத்தில் பெரியதற்கு மாற வேண்டியதாயிற்று. மாஸ்டடானில் சர்வரை மாற்றலாம், டொமைனை மாற்ற முடியாது. ஒருவருடைய அடையாளமே அந்த டொமைனோடு சேர்ந்ததுதான். உறுப்பினர் தனியாக வேறு சர்வருக்குப் போனால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், எழுதியவை வராது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நகல், படங்கள் இருக்கும் அடைவு, அமைப்புக் கோப்பு. இந்த மூன்றும் வந்தால் போதும். அமைப்புக் கோப்பில் இருக்கும் ரகசியச் சாவிகளைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்த உறுப்பினர்கள் அத்தனை பேரும் வெளியே நின்றார்கள். பழைய கோப்பை அப்படியே கொண்டுவந்து வைத்த பிறகுதான் உள்ளே வர முடிந்தது.

கிளம்பும் முன், மற்ற சர்வர்களிலிருந்து வந்து தேங்கியிருக்கும் படங்களைக் கழித்துவிடுங்கள். அவற்றைச் சுமக்க வேண்டியதில்லை, மூல சர்வரில் இருக்கின்றன. எங்கள் அடைவில் பெரும்பகுதி அதுதான். டிஎன்எஸ் ஆயுள் நேரத்தையும் (பழைய விவரத்தை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) இரண்டு நாள் முன்பே 86,400 வினாடியிலிருந்து 300-க்குக் குறைத்துவிடுங்கள். குறைக்காவிட்டால் மாற்றிய பிறகு பாதிப் பேர் ஒரு நாள் முழுக்கப் பழைய வாசலில் நின்று தட்டுவார்கள்.


மீண்டும் திருச்சியிலிருந்து

சேலம் நண்பருக்கு: அண்ணி எப்படி இருக்கிறார்? கேட்டதாகச் சொல்லுங்கள்.

விட்டதைச் சொல்கிறேன். எல்லாம் சரியாகி ஒரு வாரம் கழித்து, ‘கொழு’ என்று தேடியபோது பாதிப் பதிவுகள்தான் வந்தன. கலப்பையின் இரும்பு முனை கொழு, அதைப் பற்றி எங்களிடம் நிறைய இருக்கிறது. யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ‘ொ’ என்ற ஒரே குறியாக எழுதலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டு குறிகளை அடுத்தடுத்துப் போட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எங்கள் புது தேடல் கருவி பைட்டைத்தான் ஒப்பிடும், அதற்கு இரண்டும் வேறு வேறு சொல். பழைய பதிவுகள் பல வகைத் தட்டச்சு மென்பொருள்களில் அடிக்கப்பட்டவை, அதனால் இரண்டும் கலந்து கிடந்தன. எல்லாவற்றையும் ஒற்றைக் குறி வடிவத்துக்கு இயல்பாக்கி, தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்டினோம். ‘ஸ்ரீ’ மட்டும் இன்னும் இரண்டாக இருக்கிறது. ஸகரம் போட்டு எழுதியதும், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரம் போட்டு எழுதியதும் தரத்தின்படி வேறு வேறு எழுத்துகள், இயல்பாக்கம் அவற்றைத் தொடாது. தனி விதி எழுத வேண்டும்.

அப்புறம் மின்னஞ்சல். புது ஐபி முகவரியிலிருந்து போகும் கடிதத்தை யாரும் உடனே நம்புவதில்லை. கடிதம் உண்மையில் எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், தலைகீழ் டிஎன்எஸ் மூன்றையும் சரிசெய்தும், கடவுச்சொல் மாற்றும் கடிதங்கள் முதல் இரண்டு வாரம் ஸ்பாமில்தான் விழுந்தன. இளைஞர்கள் தேடி எடுத்துக்கொண்டார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு, பேரன் போட்டுக் கொடுத்த கடவுச்சொல் மறந்துபோய், கடிதமும் வரவில்லை என்றால், குழுவை மூடிவிட்டார்கள் என்றே அர்த்தம். அவர்களில் யாரும் புகார் செய்ய மாட்டார்கள், பேசாமல் இருந்துவிடுவார்கள். எனக்கு இந்த மாற்றத்தில் மிகப் பெரிய கவலை இதுதான், எழுத்து உடைந்ததைவிட.

அதனால் ஆறு மாதமாக உள்ளே வராதவர்கள், வந்துகொண்டிருந்து மாற்றத்துக்குப் பின் நின்றவர்கள் என்று பிரித்து, இரண்டாவது பட்டியலை நால்வரும் பங்கு போட்டுக்கொண்டோம். எண் தெரிந்தவர்களுக்குப் போன். போனில் ஸ்பாம் பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லிக் கொடுப்பது கடினம், பொறுமையாகச் சொன்னால் முடியும். புதுக்கோட்டைப் பக்கத்து அம்மா ஒருவர் முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே வந்து, முதல் வேலையாக ஐயாவின் கமலைப் பதிவைத் திறந்து, கடைசி வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

என் பங்கில் இன்னும் பதினேழு பேர் இருக்கிறார்கள். நாளை ஞாயிறு, காலையிலேயே ஆரம்பிக்க வேண்டும்.