எஸ்-பிரெஸ்ஸோ வாங்கலாமா? இன்சூரன்ஸ்தான் யோசிக்க வைக்கிறது

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 19 வயது, போன மாதம்தான் லைசென்ஸ் எடுத்தாள். டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து வெஸ்ட்வில் கேம்பஸுக்குப் போய்வர பழைய சுஸுகி எஸ்-பிரெஸ்ஸோ கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். விலை கைக்கு அடக்கம், பெட்ரோலும் அதிகம் குடிக்காது. ஆனால் கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின் மூடுகிற சத்தம்தான் வருகிறது, அதைக் கேட்டதிலிருந்து மனைவிக்குத் தூக்கமில்லை.

குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2020-ல் இந்திய மாடலுக்கு ஒரு ஸ்டார்கூடக் கிடைக்கவில்லை, 2022-ல் சோதித்த தென்னாப்பிரிக்க மாடலுக்கோ பெரியவர்கள் பாதுகாப்பில் 3 ஸ்டார். இது N2 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போக உண்மையிலேயே போதுமா? ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். என் பெயரில் கேட்டால் மாதம் 640 ராண்ட், மகள்தான் ஓட்டுவாள் என்றதும் 1,380. வீட்டில் கராஜ் கிடையாது, வண்டி ராத்திரி தெருவில்தான் நிற்கும், அதுவும் சேர்ந்துதான் இந்த விலை. "உன் பெயரையே போட்டுவிடு" என்கிறான் மச்சான். நாளைக்கு எங்கேயாவது இடித்துவிட்டு கிளெய்ம் போடும்போது, ஓட்டியது யார் என்று தோண்டிக் கையை விரித்துவிட்டால்? அந்த வேலை வேண்டாம்.

ரொக்கமாக வாங்குவதால் முழு காப்பீடு எடுக்கச் சொல்லும் பேங்க் நிபந்தனை எதுவும் இல்லை. அப்படியானால் மூன்றாம் நபர், தீ, திருட்டுக்கு மட்டும் எடுக்கலாமா, இல்லை முழு காப்பீடே நல்லதா? டிராக்கர் மாட்டினால் எவ்வளவு குறைந்தது? இளம் ஓட்டுநர் என்று எக்ஸஸ் (கிளெய்மில் நம் கையிலிருந்து கட்டும் பங்கு) கூடுதலாகப் பிடித்தார்களா? அக்கா, அண்ணன்மார்களே, சனிக்கிழமைக்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும், விற்கிறவர் அதுவரைதான் காத்திருப்பாராம்.