கல்யாண வேலைக்கு டி750ஆ, இசட்6ஆ?

கும்பகோணத்தான்:
அண்ணன்களுக்கு வணக்கம். மூன்று வருஷமாக ஒரு ஸ்டூடியோவில் லைட் பிடிக்கிறேன். தையிலிருந்து சொந்தமாகக் கல்யாணம் எடுக்க எண்ணம். செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி750 (உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமரா) ஒன்றும் இசட்6 (கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்) ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றுதான் கட்டுப்படியாகும். மாமா கொடுத்த பழைய லென்ஸ் இரண்டு இருக்கின்றன. மிரர்லெஸ் பக்கம் போகலாமா?

கண்ணாடிப்பெட்டி:
யோசிக்காமல் டி750 எடு தம்பி. ஒரு பேட்டரிக்கு 1230 படம் என்பது நிக்கான் கணக்கு. இசட்6க்கு அதே கணக்கில் 310தான். விடிகாலை முகூர்த்தத்துக்குப் போய் ராத்திரி ரிசப்ஷன் முடித்து வருகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

மின்வியூஃபைண்டர்:
310 என்பது சோதனைக் கணக்கு. கடகடவென்று எடுத்தால் அதைவிட நிறையவே வரும். மூன்று பேட்டரி வாங்கிப் பாக்கெட்டில் போட்டால் தீர்ந்தது. ஃபோகஸைப் பேசுங்கள். டி750யில் 51 பாயின்ட், எல்லாம் நடுவில் குவிந்து கிடக்கும். பெண்ணின் முகம் ஓரத்தில் வந்தால் நடுவில் பிடித்துக் கேமராவைத் திருப்ப வேண்டும். லென்ஸை 1.8க்கு அகலத் திறந்து அப்படித் திருப்பினால் காது ஷார்ப், கண் சாஃப்ட். இசட்6இல் 273 பாயின்ட், ஃபிரேமில் சுமார் 90 சதவீதம். 2019 ஃபர்ம்வேரில் (கேமராவின் உள் மென்பொருள்) கண்ணைத் தானே பிடிக்கும் வசதியும் வந்துவிட்டது.

கண்ணாடிப்பெட்டி:
அந்தக் கண் பிடிக்கும் கதையை என்னிடம் கேளுங்கள். போன ஆவணியில் நண்பனின் இசட்6 வாங்கிப் போனேன். தாலி கட்டும் நேரம், பெண் தலை குனிந்திருக்கிறாள், நாத்தனார் மூன்றாவது முடிச்சுக்குக் குனிகிறார். கேமரா நாத்தனார் கண்ணைப் பிடித்துக்கொண்டது. ஏழு படம். ஏழிலும் அவர்தான் கதாநாயகி.

மின்வியூஃபைண்டர்:
ஹா ஹா. அந்த நேரத்தில் நாமே தேர்ந்தெடுக்கும் சிங்கிள் பாயின்டுக்கு மாறியிருக்க வேண்டும் சார். ஆட்டோவில் விட்டது உங்கள் தப்பு. இசட்6இல் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, எடுக்கும் முன்பே கண்ணில் பார்க்கலாமே, ஹோமப் புகையில் அது எவ்வளவு உதவி! வீடியோவும் கேட்பார்கள். டி750 லைவ் வியூவில் (பின் திரையில் பார்த்து எடுக்கும்போது) ஃபோகஸ் தேடித் தேடி நிற்கும்.

கண்ணாடிப்பெட்டி:
வீடியோவில் நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் இசட்6இல் கார்டு ஸ்லாட் ஒன்றே ஒன்று. அதுவும் எக்ஸ்க்யூடி என்ற வகைக் கார்டு, விலை வேறு. டி750யில் இரண்டு எஸ்டி. கார்டு செத்தால் மறுபடி தாலி கட்டச் சொல்வீர்களா?

மண்டபம்:
இசட்6இல் சத்தமில்லாமல் எடுக்கும் சைலன்ட் மோடைப் பற்றி யாரும் பேசவில்லையே. கெட்டிமேளத்தில் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது? மேடையில் எல்ஈடி விளக்கு இருந்தால் அந்த மோடில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே எடுங்கள்.

மின்வியூஃபைண்டர்:
ஒத்துக்கொள்கிறேன். ஒரு ஸ்லாட் எனக்கும் உறுத்தல்தான். இருந்தாலும் நிக்கானும் கேனானும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் விடவில்லை. நிக்கான் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் மாட்டும் எஃப் மவுன்ட் 1959இலிருந்து ஓடி இப்போது மெல்ல ஓய்கிறது. இனி வாங்கும் லென்ஸ் எந்த மவுன்டில் என்று தம்பி யோசிக்க வேண்டாமா?

கண்ணாடிப்பெட்டி:
அதனால்தானே பழைய லென்ஸ் எல்லாம் மலிவாகக் கிடைக்கிறது! தம்பி, மாமா கொடுத்த லென்ஸ் என்ன? மேலே என்ன எழுதியிருக்கிறது?

கும்பகோணத்தான்:
50எம்எம் 1.8டி. இன்னொன்று 85எம்எம் 1.8டி. இரண்டிலும் ஏஎஃப் என்று மட்டும் இருக்கிறது.

கண்ணாடிப்பெட்டி:
ஏஎஃப்-எஸ் இல்லையே? அப்படியென்றால் லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. டி750 பாடியில் மோட்டார் இருக்கிறது, அது திருப்பிவிடும். இசட்6க்குப் பழைய லென்ஸை மாட்ட நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் அதில் மோட்டார் இல்லை. ஆட்டோஃபோகஸ் போயிற்று.

மின்வியூஃபைண்டர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி. கையால் ஃபோகஸ் பண்ணலாம், ஓரம் கலரில் காட்டும். ஆனால் கல்யாணத்தில் முடியாது. இசட் லென்ஸ் ஒன்றாவது வாங்க வேண்டும். அதற்குக் காசு இருக்கிறதா?

கும்பகோணத்தான்:
இல்லை அண்ணா. டி750க்கே அட்வான்ஸ் கொடுக்கிறேன். ஷட்டர் கவுன்ட் (இதுவரை எடுத்த படக் கணக்கு) 92 ஆயிரம் என்கிறார் விற்கிறவர், பரவாயில்லையா?

மின்வியூஃபைண்டர்:
150 ஆயிரம் வரை சோதித்த ஷட்டர்தான். வாங்கும்போது மாமா லென்ஸைக் கொண்டுபோய் மாட்டி, 1.8இல் பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார். வீடியோவுக்கு என்னைக் கூப்பிடு, இசட்6 கொண்டு வருகிறேன்.