தெரு முக்கு ஃபிளெக்ஸும் நம் வீட்டு விசேஷமும்

கூடல்வாசி:

மதுரையில் எங்கள் தெரு முக்கில் சென்ற மாதம் இருபதுக்குப் பத்து அடியில் ஒரு ஃபிளெக்ஸ் நின்றது. என் தம்பி மகளுக்குப் பூப்புனித நீராட்டு விழா. பிள்ளை எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். வாடகை நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் அணிந்த அவள் படம் நடுவில், பின்னால் எந்த ஊரிலும் இல்லாத ஓர் அருவி, இடப்புறம் தாய்மாமன்மார் நால்வர், மேல் மூலைகளில் ஒரு நடிகரும் ஒரு கட்சித் தலைவரும், அடியில் தீப்பெட்டி அளவுப் படங்களாக நாற்பது இளைஞர்கள். அந்த நாற்பது பேரில் பாதிப் பேருக்கு என் தம்பியாலேயே பெயர் சொல்ல முடியாது. விழா முடிந்த பிறகும் ஒன்பது நாள் அது அங்கேயே நின்றது. அந்த ஒன்பது நாளும் பிள்ளை பின்சந்து வழியாகச் சுற்றித்தான் பள்ளிக்கூடம் போய் வந்தாள் என்பது என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

கட்சிக்காரர்களின் பேனர்களை நாம் எல்லோரும் திட்டியிருக்கிறோம். வீட்டு விசேஷத்துக்கு வைப்பதை மட்டும் ஆசைக்குச் செய்வது என்று விட்டுவிடுகிறோம். காதுகுத்தோ கல்யாணமோ முதலாமாண்டு நினைவஞ்சலியோ எதுவானாலும், பொதுச்சாலையில் ஃபிளெக்ஸ் வைக்கும் வழக்கத்தை நாமாகவே கைவிட வேண்டும் என்பது என் கருத்து. மண்டபத்துக்குள் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மைக்கறை:

ஐயா, நான் சிறிய ஊரொன்றில் ஃபிளெக்ஸ் கடை நடத்துகிறேன். ஆகவே என் பேச்சில் சுயநலம் உண்டென்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் அப்பா திரையரங்குகளுக்குத் துணியில் பேனர் வரைந்தவர். கதாநாயகனின் கன்னத்தில் இளஞ்சிவப்பு ஏற்றுவதற்கு மட்டும் அரை நாள் எடுத்துக்கொள்வார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிளெக்ஸ் எந்திரங்கள் வந்த பிறகு, அந்தத் தொழில் எங்கள் கண் முன்னாலேயே படுத்துவிட்டது. தூரிகை பிடித்த கையால் அவர் கடைசிக் காலத்தில் என் கடையில் ரீப்பர் சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

என் கடைக்கு வருகிறவர்கள் கொத்தனார்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், தறி ஓட்டுகிறவர்கள். பத்துக்கு எட்டு அடி ஃபிளெக்ஸ் ஒன்றுக்குச் சட்டமும் சவுக்குக் கம்பும் கட்டுக்கூலியும் சேர்த்தால்கூட நல்ல பட்டுப்புடவை விலையில் பாதி வராது. வசதியுள்ளவர் செய்தித்தாளில் கால் பக்க விளம்பரம் கொடுத்து மகன் திருமணத்தை ஊருக்கு அறிவித்தால் அது அந்தஸ்து. கொத்தனார் தெரு முக்கில் அறிவித்தால் அநாகரிகமா? சாலையை உண்மையில் அடைக்கிறவர்கள் கட்சிக்காரர்கள். முதலில் அவர்களை நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள்.

நடைமேடை:

கட்சிக்காரர் வேறு, குடும்பத்தார் வேறு என்று மைக்கறை கிழிக்கும் கோடு நிற்காது. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் சென்ற 23 வயதுப் பொறியாளர் ஒருவர் மீது, சாலையின் நடுத்திட்டில் கட்டியிருந்த பேனர் சரிந்து விழுந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அது மாநாட்டுக்கு வைத்த பேனர் இல்லை. அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் தம் மகன் திருமணத்துக்கு வைத்தது. 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் கட்சிக் கொடிக்கம்பம் நட்டபோது மின்சாரம் பாய்ந்து இறந்த 13 வயதுச் சிறுவனும் ஒரு திருமண வீட்டுக்காகத்தான் அந்த வேலையில் இருந்தான். அப்போது ஆட்சியில் இருந்தது வேறு கட்சி. நம் ஊரில் கட்சிக்காரரின் வீட்டு விசேஷம் கட்சி விழாவாகவும், நம் வீட்டு விசேஷம் கட்சிக்காரர் படம் போட்ட விழாவாகவும் ஆகி வெகுநாள் ஆயிற்று. கூடல்வாசியின் தம்பி மகள் படத்துக்கு மேலேயே ஒரு தலைவர் உட்கார்ந்திருக்கிறாரே!

உள்ளாட்சி அமைப்பின் அனுமதி இல்லாமல் பேனர் வைக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடவே கூடாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். அடுத்த மாதமே கோவை அவிநாசி சாலையில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காக நட்ட அலங்கார வளைவு தொடர்பான விபத்தில் ஓர் இளைஞர் இறந்தார். சட்டத்துக்குக் குறைவில்லை. கையில் கத்தியோடு தாமே போய்ப் பேனர் கிழித்த டிராஃபிக் ராமசாமியைக் கோமாளி போலப் பார்த்துச் சிரித்தவர்களும் நாம்தான்.

மைக்கறை:

பள்ளிக்கரணைச் சம்பவத்தை நான் மறக்கவில்லை. மறக்கவும் முடியாது, ஏனென்றால் அந்தப் பேனரை அச்சிட்ட கடைக்கும் சீல் வைத்தார்கள். எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் எல்லோரும் இரண்டு வாரம் எந்திரத்தின் மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். கட்சிகள் எல்லாம் இனிப் பேனர் வைக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டன. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் தொடக்கத்தில், மாமல்லபுரத்துக்கு வரவிருந்த இந்தியப் பிரதமரையும் சீன அதிபரையும் வரவேற்கப் பேனர் வைக்க வேண்டுமென்று அரசே உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு வாங்கியது. அரசுக்கு விருந்தாளி வந்தால் பேனர் வேண்டும், கொத்தனாருக்கு விருந்தாளி வந்தால் கூடாது என்பதை என் வாடிக்கையாளரிடம் நான் எந்த முகத்தோடு சொல்வது?

காலனிக்காரன்:

இங்கே பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் கோயில் கல்வெட்டில் ஊர்ப் பெரிய குடும்பங்களின் பெயர் இருக்கிறது. நிழற்குடையிலும் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரிலும் இருக்கிறது. கோயில் குழல்விளக்கில்கூடப் பாதி வெளிச்சம் மறையும்படி 'உபயம்' என்று எழுதி அவர்கள் பெயர் இருக்கிறது. என் தாத்தாவின் பெயர் ரேஷன் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் தவிர வேறெங்கும் எழுதப்பட்டதில்லை.

என் அக்கா திருமணத்துக்குப் பேருந்து நிறுத்தத்தின் அருகே அண்ணல் அம்பேத்கர் படத்தோடு ஒரு ஃபிளெக்ஸ் வைத்தோம். என் பாட்டி கம்பை ஊன்றிக்கொண்டு அன்று மாலை இரண்டு முறை நடந்து வந்து பார்த்தார். "நம்ம மூஞ்சிய இம்புட்டுப் பெருசா போட்டிருக்கானே" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். அன்றிரவே யாரோ அதைப் பிளேடால் கிழித்திருந்தார்கள். கம்பத்தையோ பெயர்களையோ தொடவில்லை. முகங்களை மட்டும் கிழித்திருந்தார்கள். அம்பேத்கர் சிலைகளைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருக்கும் மாநிலத்தில், பொதுச்சாலை எல்லோருக்கும் பொது என்று ஒருவர் எழுதும்போது, அது எங்களுக்கு எந்த ஆண்டு முதல் பொதுவானது என்று கேட்கத் தோன்றுகிறது.

நெய்தல்:

தம்பி, உங்கள் பாட்டி நின்று பார்த்ததைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது. ஆனால் அவர் தாமாக நடந்து வந்து பார்த்தார். கூடல்வாசியின் பிள்ளை பின்சந்தில் போனாள். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. திருமண ஜோடி விவரம் தெரிந்த வயதினர். வேண்டாமென்றால் சொல்ல அவர்களுக்கு வாய் உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் யார் கேட்டார்கள்?

நான் பெரியவளானபோது எங்கள் தெருவில் ஃபிளெக்ஸ் கிடையாது. புளியமரத்தில் குழாய் ரேடியோ கட்டினார்கள். அதற்கே வகுப்புப் பையன்கள் ஒரு வருஷம் என்னைப் பாட்டுப் பாடிக் கேலி செய்தார்கள். என் உடம்பில் நடந்ததை ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் சொன்னது சந்தோஷத்தினால்தான் என்று அம்மா இன்றும் சொல்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. அன்று பாட்டு இரண்டு நாளில் ஓய்ந்தது. இன்று அந்த ஃபிளெக்ஸைக் கடந்து போகிற யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் படம் பிடித்து யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆகவே கூடல்வாசியோடும் எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. அவர் சாலையை விட்டுவிட்டு மண்டபத்துக்குள் வைத்தால் போதும் என்கிறார். சடங்கு ஃபிளெக்ஸ் மண்டபத்துக்குள்ளும் வேண்டாம் என்கிறேன் நான்.

மைக்கறை:

சகோதரி, இதில் உங்களோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. என் கணினியில் 'சடங்கு' என்ற கோப்புறைக்குள் பட்டுப்பாவாடை அணிந்த உடல்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. யாருடைய உடலோ, எங்கிருந்து வந்த கோப்போ, எனக்கே தெரியாது. வாட்ஸ்அப்பில் வரும் முகத்தை வெட்டி அதன்மேல் ஒட்டுவதுதான் வேலை. வழக்கமாக மாமன்மார்தான் வருவார்கள். ஒருமுறை பிள்ளையும் கூட வந்திருந்தது. "அண்ணா, என் படத்தை மட்டும் கொஞ்சம் சின்னதா வைங்க" என்றது. உடனே மாமன், "உன் படம் சின்னதானா எங்க படத்த எங்கம்மா வைக்கிறது?" என்றார். நான் சிரித்துக்கொண்டே பெரிதாகவே வைத்தேன். இப்போது எழுதும்போதுதான் அது சிரிப்பதற்கு உரிய விஷயமில்லை என்று படுகிறது.

கூடல்வாசி:

காலனிக்காரன் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் நகர விரும்பவில்லை. உங்கள் ஃபிளெக்ஸைக் கிழித்தவர்கள் செய்தது குற்றம். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அந்த ஃபிளெக்ஸால் உங்களுக்குக் கிடைத்தது போல என் தம்பிக்கு எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஏன் வைத்தாய் என்று கேட்டேன். "போன வைகாசியில அவங்க வீட்டு ஃபிளெக்ஸுல என் படம் இருந்துச்சு, இப்ப நான் போடலைன்னா எப்படி?" என்றான். அடியில் இருந்த நாற்பது முகங்களும் நோட்டில் எழுதாத மொய்தான். படத்துக்குப் படம் திருப்பிச் செய்தாக வேண்டும்; விட்டுப்போனால் உறவு முறியும். ஒரு மச்சான் தம் படம் இரண்டாவது வரிசைக்குப் போய்விட்டதென்று பந்தியில் உட்காராமலேயே கிளம்பிப் போனார்.

நடைமேடை:

மொய் என்பது பொருத்தமான ஒப்பீடு, ஆனால் மொய்ப் பணம் மறுநாள் சமையல்காரருக்குக் கொடுக்கவாவது உதவும். இந்த ஃபிளெக்ஸ் மக்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருள்களுக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக் கொடிகூட அந்தப் பட்டியலில் உண்டு, ஃபிளெக்ஸ் இல்லை. அதே ஆண்டு கேரளம் பி.வி.சி. ஃபிளெக்ஸைத் தடை செய்தது. அங்கும் கல்யாணங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

மைக்கறை:

மக்காது என்பதால்தான் கழற்றிய ஃபிளெக்ஸை யாரும் குப்பையில் போடுவதில்லை, ஐயா. மழைக்காலத்தில் எங்கள் பகுதிக்கு வந்து பாருங்கள். பாதிக் கூரைகளின் மேல் தலைவர்கள்தான் படுத்திருக்கிறார்கள். களத்து நெல்லை மூடுவதற்கும் அதுதான். துணியில் அச்சிடச் சொன்னால் அச்சிடத் தயார். ஆனால் விலை கூடும், மழையில் சாயம் போகும். இரண்டையும் கேட்டதும் வாடிக்கையாளர் ஃபிளெக்ஸுக்கே திரும்பிவிடுகிறார்.

காலனிக்காரன்:

சாலை வளைவிலும் நடுத்திட்டிலும் யாருமே வைக்கக் கூடாது என்பதை நான் மறுக்கவில்லை. பேனர் சாதி பார்த்து விழுவதில்லை. என் அச்சம் வேறு. தடை வந்தால் அது முதலில் எந்தத் தெருவுக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். சென்ற ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாளுக்கு நாங்கள் வைத்ததை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரும் என்று சொல்லி முதல் நாளே கழற்றச் சொன்னார்கள். அதே சாலையில் இருநூறு அடி தள்ளி இன்னொரு சமூகத்தின் தலைவர் படம் போட்ட ஃபிளெக்ஸ் மாசியிலிருந்து வெளுத்துப்போய் நின்றுகொண்டிருந்தது. இருக்கிற விதி இரண்டுக்கும் ஒன்றுதானே, நடைமேடை?

நடைமேடை:

ஒன்றுதான். நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் ஏதுமில்லை. ஆனாலும் விதி ஓரவஞ்சனையாக நடக்கிறது என்பதற்காக விதியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதலில் அந்த வெளுத்த ஃபிளெக்ஸைக் கழற்று என்று மனு எழுதச் சொன்னால் எழுதித் தருகிறேன்.

காலனிக்காரன்:

மனு எழுத எங்களுக்கும் தெரியும், தோழர். நான்கு எழுதியிருக்கிறோம். ஐந்தாவதை நீங்கள் எழுதுங்கள். கையெழுத்தும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

நெய்தல்:

மைக்கறை அண்ணா, சாலை விதி அவர்களுக்குள் தீரட்டும். உங்கள் கையில் இருக்கிற ஒன்றை மட்டும் கேட்கிறேன். சடங்கு ஆர்டர் வரும்போது, பிள்ளையிடம் கேட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்பீர்களா?

மைக்கறை:

தை முகூர்த்தங்களுக்கு இப்போதே ஏழு சடங்கு ஆர்டர்கள் வந்திருக்கின்றன. கேட்டுப் பார்க்கிறேன், சகோதரி. பிள்ளையின் பெயரை மட்டும் போட்டு, படத்துக்குப் பதிலாகக் குத்துவிளக்கு வைத்து ஒரு மாதிரியும் செய்து வைக்கிறேன். ஆர்டர் அடுத்த கடைக்குப் போனால் அந்த நட்டத்தை இங்கே யாரும் ஈடுகட்டப் போவதில்லை என்பதையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன். மாமன்மார் படத்தை என்ன செய்வது என்று மட்டும் கூடல்வாசி ஐயா சொல்லட்டும். குத்துவிளக்குக்கு இருபுறமும் மீசையோடு நால்வர் நின்றால் நினைவஞ்சலி போலத் தெரிகிறது.